வால் நுனி

அசல் வால் நுனி கம்சாயினியின் கைப்பைக்குள் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற ஓசனிச்சிட்டின் வாலில் ஒட்டியிருந்தது மயிலிறகு.

ஒஸ்லோவில் அந்த அருங்காட்சியகத்தில் பாடம் செய்த பறவைகளைப் பராமரிப்பது அவள் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. மேலதிகாரி சிவானந்தன் அந்தச் சிட்டை மட்டும் யாரையும் தொடவிட மாட்டார், தானே தூசி தட்டுவார். அவர் காய்ச்சலில் படுத்த வாரம் இவள் சும்மா கிடக்காமல் பிரஷை எடுத்தாள். நீண்ட வாலின் நுனியில் இருந்த ஊதா வட்டம் பொட்டென்று கையோடு வந்துவிட்டது.

பெரு நாட்டின் ஒரு மூலையில் மட்டும் வாழ்கிற பறவை அது. அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. காட்டில் மிஞ்சியிருப்பதே கொஞ்சம், பெட்டிக்குள் இருந்ததையும் நான் கெடுத்துவிட்டேனே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏன் பிள்ளை முகம் வாடிக் கிடக்கு?" புறநகர்ப் பகுதியான பியோர்ண்டாலில் இருந்த வீட்டில் தாய் சிவநாயகி கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் சாமியறைக்குப் போய், முருகன் படத்தில் செருகியிருந்த மயிலிறகை உருவிக்கொண்டு வந்தாள்.

"இதிலை ஒரு துண்டை வெட்டி ஒட்டு. முருகன் கோவிக்க மாட்டார்."

"அம்மா, இது களவு வேலை!"

"உள்ள வேலையும் போனால் என்ன செய்வாய்?"

கம்சாயினி ஒரு துண்டை வெட்டி, அசலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நிறம் அச்சொட்டாகப் பொருந்தியது. எது எது என்று அவளுக்கே குழம்பியது.

மறுநாள் ஒட்டியும்விட்டாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் அவளை அரித்தெடுத்தது. இன்று காலையில் இடி விழுந்தது: அந்தக் காலத்துப் பறவையையும் இந்தக் காலத்துப் பறவையையும் ஒப்பிட்டுப் பார்க்க, வால் நுனியில் கொஞ்சம் கேட்டுப் பெருவிலிருந்து ஓர் ஆய்வாளர் வருகிறாராம்.

கம்சாயினி நேரே சிவானந்தனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அங்கிள், அந்த ஓசனிச்சிட்டின்ரை வாலை நான்தான் உடைச்சனான். இப்ப அதிலை ஒட்டியிருக்கிறது மயிலிறகு. என்னை வேலையாலை நிப்பாட்டினாலும் பரவாயில்லை. வாறவருக்கு இந்த அசலைக் குடுங்கோ."

கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள், உள்ளே வைத்திருந்த நுனி தெரியத் திறந்து நீட்டினாள்.

சிவானந்தன் ஏசவில்லை. ஊதா வட்டத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளிறிப்போய் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

"இதைக் குடுக்கேலாது."

"ஏன் அங்கிள்?"

"இது நான் முந்தி ஒட்டினது. எங்கட வீட்டு முருகன்ரை மயிலிறகு, பிள்ளை."