ஜன்னலில் மாட்டிய மூளை

ஞானதுரையின் மூளை ரத்தக்குழாயில் மிளகளவு புடைப்பு இருப்பதாக ஸ்கேன் காட்டியது. "அவரைக் கோபப்படுத்திராதீங்கம்மா, வெடிச்சிரும்" என்று டாக்டர் அவர் மனைவி எஸ்தரிடம் சொன்னார். அன்றே ஞானதுரை அந்தப் படத்தைக் கூடத்து ஜன்னலில் மாட்டிவிட்டார். அவள் வாயைத் திறந்தால் போதும், அவர் விரல் படத்தை நோக்கி நீளும். அவருடைய கத்தல் மட்டும் குறையவே இல்லை.

மறு ஸ்கேன் எடுத்த அன்று, தண்ணீர் வாங்கப் போன எஸ்தர் திரும்பி வந்து டாக்டர் அறைக்கதவில் கை வைத்தபோது உள்ளே பேசுவது கேட்டது.

"புடைப்பே இல்ல சார். குழாயோட வளைவு அப்படித் தெரிஞ்சிருக்கு" என்றார் டாக்டர்.

"சந்தோஷம். வீட்டுல மட்டும் சொல்லிராதீங்க" என்றார் ஞானதுரை.

மாலையில் காபி ஆறிவிட்டதென்று டம்ளரை வீசினார். எஸ்தர் வாயைத் திறந்தாள். விரல் நீண்டது. அவள் படத்தைக் கழற்றி, சிந்திய காபியின் மேல் போட்டு, அதில் ஏறி நின்றாள்.

"இப்ப சொல்றேன், கேளுங்க."