பதினோராவது தூணின் நூல்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், சொன்னவனுக்கு இந்த ஆயுசில் பங்காருபாளையத்து மாம்பழம் தின்னக் கொடுத்துவைக்காமல் போகட்டும். அத்தனையும் சத்தியம்.

பதினோராவது தூணில், இடுப்பு உயரத்தில், வெளுத்துப்போன சிவப்பு நூல் ஒன்று சுற்றிக் கட்டியிருந்தது. பரணி அதற்குள் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தான். நகம்கூடப் போகவில்லை.

"வேண்டுதல் நூல் மேடம்!" என்று கத்தினான்.

பயிற்சி கொடுக்க வந்த நளினி மேடத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "சாலா பாகுந்தி பரணிகாரு! ஜனங்க இன்னும் நம்பிக் கும்பிடுற இடம்னு எழுதிக்குங்க. உங்க டீமுக்கு அஞ்சு மார்க்."

பழைய சின்னங்களுக்குப் பக்கத்தில் ரோடோ தொழிற்சாலையோ இருந்தால் அதனால் என்னென்ன கெடும் என்று கணக்குப் போடக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி அது. திருப்பதியில் ஏசி ஹாலில் நான்கு நாள் படித்த முப்பது பேர், ஐந்தாம் நாள் வடமாலபேட்டையில் டிபனை முடித்துக்கொண்டு, நகரிக்குப் பக்கத்துப் பதினாறு கால் மண்டபத்தில் பரீட்சைக்கு வந்து இறங்கியிருந்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய மண்டபம். வயசு முந்நூறு இருக்கும். கூடவும் இருக்கலாம், யாரும் பிறந்த தேதி எழுதிவைக்கவில்லை.

மண்டபத்தை ஒட்டி ருக்மணியின் விசைத்தறி ஷெட். நாலு தறி, அதுதான் அவள் குடும்பத்துக்குச் சோறு. மூன்று வருஷத்தில் வந்துபோன ஆறு பேட்ச்சும் 'மண்டபம் தேய்கிறது, தறி அதிர்வு காரணமாக இருக்கலாம்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தன. இந்த ஏழாவது பேட்ச் 'தறிதான் காரணம்' என்று எழுதிவிட்டால் ஷெட்டுக்குப் பூட்டு. மேலே ஆபீஸில் நோட்டீஸ் அடித்து ரெடியாக இருந்தது. தேதி ஒன்றுதான் பாக்கி.

அதனால்தானோ என்னவோ, காலையில் மேடம் ஷெட் வாசலில் போய் நின்று, "ஏம்மா, இந்தச் சத்தத்துல மைக்குல பேசுறது யாருக்கும் கேக்கல. சாயங்காலம் வரைக்கும் தறிய நிறுத்திவைங்க" என்றதும், ருக்மணி மறுபேச்சு பேசவில்லை.

"அதுக்கு இன்னா மேடம், நிறுத்திட்டாப் போவுது" என்று மெயினையே இறக்கிவிட்டாள். போதாதென்று முப்பத்தொரு டம்ளர் மோர் வேறு கலக்கிக் கொண்டுவந்தாள்.

பாடப்படி, ஆளுக்கு ஒரு சில்லு காரை பெயர்த்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தத் தூணில் என்று பாடத்தில் இல்லை. அந்த வெயிலில் பதினோராவது தூணுக்கு மட்டும் புங்கமர நிழல் இருந்தது.

முப்பது பேரும் உளியும் சுத்தியுமாக அங்கேயே வரிசை கட்டினார்கள். இடுப்பு உயரம் கைக்கு வாட்டமாக இருந்தது; இடம் கிடைக்காதவர்கள் குந்தி உட்கார்ந்து அடிவரைக்கும் தட்டினார்கள். நூலை மட்டும் அறுந்துவிடாமல் பக்தியோடு ஒதுக்கி ஒதுக்கித் தட்டினார்கள். யஸ்வந்த் என்ற ஆர்க்கிடெக்ட் மட்டும் வீட்டு ஷோகேஸுக்கும் சேர்த்து இரண்டு சில்லு எடுத்தான்.

பிறகு டேப் பிடித்தார்கள். முதல் பேட்ச் எழுதிய சுற்றளவில் ஒரு சாண் குறைந்திருந்தது.

"தறிதான். இதுல சந்தேகமே கெடையாது" என்றான் பரணி. ரோடு இலாகாவில் ஜூனியர் இன்ஜினியர் அவன். இந்த சர்டிபிகேட் வந்தால் பிரமோஷன். "பாருங்க, கண்ணுக்கு எதிர்லயே உதிர்ந்துக்கினு கீது!"

மோர் டம்ளர் எடுக்க வந்த ருக்மணி நின்றாள். "சார், தறிய மூடிட்டா நாங்க இன்னாத்த துன்றது?"

"சயின்ஸ் யக்கா. அது சொல்றத நான் மாத்தி எழுத முடியுமா?"

"மோர் குடிச்ச விசுவாசத்துக்கு, 'உப்பு கரெக்ட்டா இருந்திச்சு'ன்னு ஒரு வரி வேணா சேத்துடுவோம்" என்றான் யஸ்வந்த். எல்லாரும் சிரித்தார்கள்.

பரணி எழுந்து முடிவை வாசித்தான்: 'தேய்மானத்துக்கு முழுக் காரணம் விசைத்தறி அதிர்வு. வேறு காரணம் எதுவும் காணப்படவில்லை.' மேடம் கைதட்டினார். குரூப் போட்டோவுக்காக முப்பது பேரும் பதினோராவது தூணைச் சுற்றி நெருக்கி நின்றார்கள்.

அப்போதுதான் அந்தச் சிவப்பு நூல் இடுப்பிலிருந்து வழுக்கி, தூணின் காலடியில் வளையமாக விழுந்தது. முடிச்சு போட்டது போட்டபடியே இருந்தது.

பரணிக்குப் புல்லரித்துவிட்டது. முடிச்சை அவிழ்த்து, நூலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு ருக்மணியிடம் நீட்டினான். "யக்கா, தானா எறங்கிடுச்சு பாரு. உன் வேண்டுதல் பலிச்சிடுச்சு!"

"வேண்டுதலா? அளவு சார் அது" என்றாள் ருக்மணி. "தறி ஆட்டுதுன்னு போன பேட்ச் எழுதிக்கினு போச்சே, மெய்தானான்னு பாக்கலாம்னு அவங்க பஸ் ஏறின கையோட நாந்தான் கட்டினேன். ஆறு மாசம் நாலு தறியும் ராப்பகலா ஓடிச்சு. காலைல வெரல் உட்டுப் பாத்தீங்களே, நெகிழ்ந்தா இருந்திச்சு?"

மேசைமேல் முப்பத்தொரு பிளாஸ்டிக் கவர்கள், பெயர் எழுதி, வரிசையாக இருந்தன.

ருக்மணி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"இன்னிக்குத் தறியே ஓடல சார்."