மாடியறை ரேடியோ

அவள் கணவர் துறைமுகத்தில் வயர்லெஸ் டெக்னீஷியன். வீட்டுக்கு வந்தால் மாடியறையில், பேசவும் கேட்கவும் முடிகிற சொந்த ஹாம் ரேடியோ முன் உட்கார்ந்துவிடுவார். முகம் தெரியாதவர்களிடம் மணிக்கணக்கில் பேசுவார். மனைவியிடம் பேச மட்டும் வார்த்தைப் பஞ்சம். அவரோடு பேசியவர்கள், பேசிய தேதி, நேரம் போட்டு நன்றி அட்டை அனுப்புவது வழக்கம்.

அவர் இறந்த பிறகும் அட்டைகள் வந்தன. தாமதமாக வந்த தபால் என்று நினைத்தாள். அப்புறம்தான் தேதிகளைக் கவனித்தாள். எல்லாமே அவர் இறந்த பிறகு வந்த நாள்கள்.

கணவரோடு வேலை பார்த்த நண்பரை வரவழைத்தாள். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆன்டெனாவைப் போன மாசமே நான்தான் கழட்டினேன். செட்டுக்குக் கரன்ட்டும் இல்ல, அண்ணி. யாரோ விளையாடுறாங்க."

மறுவாரம் வந்த அட்டையில் இப்படி இருந்தது: "ஒழுகிய குழாயை உங்கள் மனைவி தானே சரிசெய்ததைப் பெருமையாகச் சொன்னீர்கள்."

குழாய் விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மாடிக்குப் போய் உயிரில்லாத மைக்கை அழுத்தினாள்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லத் தெரியுதுல்ல? அதையே எங்கிட்ட சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

பத்து நாள் கழித்து ஒன்பது அட்டைகள் ஒன்றாக வந்தன. ஒன்பதும் அவள் பெயருக்கு.

"நியாயம் உங்கள் பக்கம்தான், அம்மா," என்று எழுதியிருந்தார் ஒருவர். "நாங்களும் அவரிடம் கேட்டுவிட்டோம். கூச்சமாக இருக்கிறதாம்."

"கூச்சமாம், கூச்சம்!" அட்டையை மேசையில் அறைந்துவிட்டு அவள் மறுபடி மாடிப்படி ஏறினாள்.