அறுபது மதிப்பெண்

"வாகனப் பயன்பாட்டுக் கொள்கை எழுத்து வடிவில் உள்ளதா?"

படிவத்தைப் பார்த்துக் கேள்வியைப் படித்துவிட்டு மதிப்பீட்டு அதிகாரி காத்திருந்தார்.

புஷ்பவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொள்கையாம் கொள்கை! அவள் செயலாளராக இருக்கும் குமராட்சி மகளிர் சங்கத்துக்கு இருக்கிற ஒரே வாகனம் ஒரு பழைய மொபெட். அதுவும் புயலன்று முருங்கை மரம் விழுந்து, ஹேண்டில்பார் வளைந்து, வாசலில் கிடக்கிறது.

"இல்ல சார்" என்றாள்.

பூஜ்யம்.

'தானே' புயல் அடித்து மூன்று வாரம் தாண்டிவிட்டது. சங்கத்து ஊர்களில் மட்டும் இருநூற்றுப் பத்துக் கூரை வீடுகள் போயின. ஜனங்கள் உரச்சாக்கைப் பிரித்துத் தைத்து மேலே கட்டிக்கொண்டு தைப்பனியில் படுத்துக் கிடக்கிறார்கள். ராசம்மாள் பிள்ளை பெற்றுப் பதினோரு நாள்தான் ஆகிறது. அவளுக்கும் அதே சாக்குதான்.

அவர்களுக்கென்று வந்த தார்ப்பாய்கள் கடலூர் குடோனில் கூரையைத் தொட அடுக்கிக் கிடக்கின்றன. போன வாரம் புஷ்பவள்ளி தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

கொடுப்பது ஒரு வெளிநாட்டு நிறுவனம். சும்மா கொடுத்துவிடுவார்களா? உள்ளூர்ச் சங்கம் மூலமாகத்தான் கொடுப்பார்களாம். அதற்கு முன்னால் அந்தச் சங்கத்துக்குப் பலம் இருக்கிறதா என்று மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்களாம். நூற்றுக்கு அறுபது எடுத்தால் நாளைக்கே லாரி வரும். ஒன்று குறைந்தாலும் முதலில் ஆறு மாதம் பலப்படுத்தும் பயிற்சி, அப்புறம்தான் தார்ப்பாய்.

ஆறு மாதம் கழித்து ஆடி பிறந்திருக்கும். தார்ப்பாய் வடகம் காயப்போட ஆகும்.

பேரிடர்த் திட்டம் எழுத்தில் இருக்கிறதா என்ற கேள்விக்கும் பூஜ்யம்தான். புயலுக்கு முந்தின சாயங்காலமே சங்கத்துப் பெண்கள் ஊர் ஊராக ஓடி, தொள்ளாயிரம் பேரைப் பள்ளிக்கூடங்களில் கொண்டுபோய்ச் சேர்த்து, சோறாக்கிப் போட்டார்கள். ஒரு உயிர் போகவில்லை. ஆனால் எழுதி வைக்கவில்லையே! கொட்டுகிற மழையில் யார் உட்கார்ந்து எழுதுவது?

அதிகாரி தலையைத் தூக்காமல் குறித்துக்கொண்டார். ஜீப்பில் வந்து இறங்கியதிலிருந்து அவர் 'மேடம்' என்கிறார், இவள் 'சார்' என்கிறாள். டீயை ஒரு வாய் குடித்தார். கேட்காமலேயே சர்க்கரை கம்மியாகத்தான் போட்டிருந்தாள்.

கூட்டப் பதிவேடு, பெயர்ப்பட்டியல் என்று வந்தபோது மதிப்பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தன. 'கணக்கெடுப்பு தெருக்கோடி வீட்டிலிருந்து தொடங்கப்படுகிறதா?' அதற்கு முழுசாகப் பத்து. தெருக்கோடிக்குப் போவதற்குள் சாமான் தீர்ந்துவிடும், அங்கிருந்துதான் எழுதிக்கொண்டு வரணும் என்பது சுனாமி வருஷத்திலிருந்து அவள் வாய் வலிக்கச் சொல்லிவருவது. அது எப்படி இந்தப் படிவத்துக்குள் போய் உட்கார்ந்தது என்று அவள் கேட்கவில்லை.

கடைசிக் கேள்விக்கு வந்தபோது ஐம்பத்து நாலு. இன்னும் ஆறு வேண்டும்.

'பயிற்சி பெற்ற பணியாளர்களைத் தக்கவைக்கும் திறன்.' மொத்தம் பத்து. சங்கத்தில் வேலை பழகிவிட்டு விலகிப்போன ஒவ்வொருவருக்கும் ஒன்று கழியும். பெயரும் போன இடமும் எழுத வேண்டும்.

புஷ்பவள்ளிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிள்ளைகளைச் சேற்றில் நடக்கப் பழக்கி, ஜனங்களோடு தரையில் உட்கார்ந்து பேசப் பழக்கி, ஆளாக்கி நிறுத்தினால், ஜீப்பையும் மூணு மடங்கு சம்பளத்தையும் காட்டி அள்ளிக்கொண்டு போனது யார்? இதே நிறுவனம்தான். அள்ளிக்கொண்டு போனவர்களே வந்து, உன்னிடம் ஏன் ஆள் தங்கவில்லை என்று கேட்டால், இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது!

சுண்டுவிரலிலிருந்து மடக்கினாள். அனுப்பிரியா. கதிர்வேல். தேவநாதன். பவானி. நாலு பேரும் போன இடம் ஒன்றுதான். அதிகாரி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

கட்டைவிரல் மட்டும் மடங்கவில்லை. ஐந்தாவதாக இன்னும் ஒரு பெயர் பாக்கி இருந்தது. சொன்னால் ஐம்பத்தொன்பது.

அதிகாரியின் பேனாவும் நின்றது. வெளியே ஜீப்பில் இருந்த டிரைவர் பக்கம் ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாலு பேருதானக்கா?"

அக்கா!

பதினெட்டு வயதில் சுனாமி முகாமில் தண்ணீர்க் குடம் தூக்க வந்தவன் இளவரசு. ஐந்து வருஷம் இதே அறையில் அவள் சோற்றைப் பங்கு போட்டுத் தின்றவன். தெருக்கோடியிலிருந்து எழுத அவளிடம் கற்றுக்கொண்டவன். இங்கிருந்து முதல்முதலில் ஜீப் ஏறியவனும் அவன்தான். அன்றைக்கு அவள் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். எங்கள் சங்கத்துப் பிள்ளை, கடலூரில் ஆபீசராக இருக்கிறான் என்று இன்றுவரை அவள் யாரிடமும் பெருமையடிக்காமல் இருந்ததில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு மேலதிகாரி மாறும் அந்த ஆபீஸில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது.

புஷ்பவள்ளி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாலு பேருதான் சார்" என்றாள். "வேற யாரும் இங்க வேல பாக்கல."

இளவரசு ஆறு என்று எழுதினான்.