யார் கொண்டுவந்த கிருமி?

"அந்தச் சிஸ்டர்தானே? ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஆய்வகத்தின் வாசலை மறித்துக்கொண்டு நின்றார் அவர். பச்சிளங்குழந்தைகள் வார்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் குழந்தையின் அப்பா. சவரம் செய்யாத முகம். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப்போயிருந்தது.

கிருமியியல் டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"உட்காருங்க. குழந்தைக்கு இன்னிக்குக் காய்ச்சல் இல்லையாமே?"

"நீங்க மருந்தை மாத்தச் சொன்னதுலேருந்து இல்ல. உங்களை உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன் டாக்டர். அந்தப் பொம்பளையையும் மறக்க மாட்டேன்."

குறை மாதத்தில் பிறந்த குழந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற உடம்பு. அதன் ரத்தத்தில் எப்படியோ கிருமி ஏறிவிட்டது. வழக்கமாகக் கொடுக்கும் மருந்து எதுவும் கேட்கவில்லை.

ஒரு சொட்டு ரத்தத்தை வளர்த்துப் பார்த்து, தட்டில் பொன்மஞ்சளாக முளைத்த புள்ளிகளுக்குச் சாயம் ஏற்றி, திராட்சைக் கொத்தாகக் கூடி நின்ற அந்தக் கிருமியைக் கையும் களவுமாகப் பிடித்தது இந்த டாக்டர்தான். அதோடு விட்டாரா? மருந்து தோய்த்த வில்லைகளை அதன்மேல் வரிசையாக வைத்தார். எந்த வில்லையைக் கண்டு கிருமி கிட்டே நெருங்காமல் ஒதுங்கியதோ, அந்த மருந்தைக் குழந்தைக்கு ஏற்றச் சொன்னார். சுருண்டு கிடந்த குழந்தை உதட்டைக் குவித்துப் பால் தேட ஆரம்பித்தது.

அப்புறம்தான் அடுத்த வேலை. கிருமி எங்கிருந்து வந்தது?

குழந்தையைத் தொட்ட அத்தனை பேரின் மூக்கிலும் கையிலும் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்தார். டாக்டர்கள், நர்சுகள், வார்டைத் துடைப்பவர், அப்பா, யாரையும் விடவில்லை. அம்மா மட்டும் பாக்கி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேறொரு வார்டில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். பெற்ற குழந்தையை இன்னும் பார்க்கவே இல்லை.

வளர்த்த தட்டுகளில் ஒரே ஒருவருடையது குழந்தையின் கிருமியோடு அச்சு அசலாகப் பொருந்தியது. அந்தச் சேதிதான் கசிந்துவிட்டது.

"யாருன்னு சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். "இது யாரும் வேணும்னு செய்யறதில்ல. நல்லா இருக்கற எத்தனையோ பேர் மூக்குல இந்தக் கிருமி சும்மா குடியிருக்கும். அவங்களை ஒண்ணும் பண்ணாது. தெரியாம மூக்கைத் தொட்டுட்டு அதே கையால குழந்தையைத் தொட்டா, தொத்திக்கும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? என் பொண்டாட்டி அங்க படுத்துக்கிட்டு, குழந்தை எப்படிங்க இருக்குன்னு கேக்கறா. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு மாடிப்படியில வந்து உட்கார்ந்து அழறேன் நான்."

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க சொல்லாட்டி என்ன, எனக்குத் தெரியும். அந்தச் சிடுமூஞ்சிதான். உள்ள காலை வெச்சாலே, கையைக் கழுவுங்க, மறுபடியும் கழுவுங்கன்னு உயிரை எடுக்கும். ஊருக்கு உபதேசம் பண்ற கைதான் சுத்தமில்ல. மேல போய்ப் புகார் குடுக்கப் போறேன்."

"நான்தான் சார்."

இருவரும் திரும்பினார்கள். குழந்தையின் புது ரத்தக் குப்பியோடு வந்த தலைமை நர்ஸ் வாசலில் நின்றிருந்தாள்.

டாக்டர் வாயைத் திறந்தார். நர்ஸ் லேசாகத் தலையை அசைத்தாள். டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு, எதிராளி இப்படிச் சட்டென்று ஒப்புக்கொண்டதும் குரல் இறங்கிவிட்டது.

"எங்களை அவ்வளவு சொன்னீங்களேம்மா."

"தப்புதான் சார்."

"இனிமே என் குழந்தை பக்கமே நீங்க வரக்கூடாது."

"வரல சார். வேற சிஸ்டர் பாத்துப்பாங்க." அங்கியின் பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து நீட்டினாள். "குழந்தையைத் தொடற எல்லாரும் இந்தக் களிம்பை மூக்குக்குள்ள தடவணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. இது உங்களுக்கு. காலையும் சாயங்காலமும். குழாய் தீர்ற வரைக்கும் குழந்தையைக் கண்ணாடி வழியா மட்டும் பாருங்க."

"உங்களால எனக்கு இந்தத் தண்டனை வேற." வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனார்.

காலடிச் சத்தம் மறைகிற வரைக்கும் டாக்டர் காத்திருந்தார்.

"என்ன காரியம் பண்ணீங்க சிஸ்டர்? உங்க தட்டுல இந்தக் கிருமியோட சுவடே இல்ல. யாரோடது பொருந்துச்சுன்னு காலையில போன்லயே சொன்னேனே."

"சொன்னீங்க டாக்டர்."

"பெரிய டாக்டருக்கு நான் உள்ளதைத்தான் எழுதுவேன். உங்க மேல பழி விழ விட மாட்டேன்."

"எழுதுங்க. அவருக்குத் தெரிஞ்சாகணும். இவருக்கு வேணாம்."

"ஏன்?"

நர்ஸ் ரத்தக் குப்பியைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தாள்.

"அந்தம்மா எழுந்து வர்ற வரைக்கும் குழந்தையைப் பெட்டியிலேருந்து எடுத்து நெஞ்சோட அணைச்சுச் சூடு குடுக்க அவர் ஒருத்தர்தான் இருக்கார். தன் மூக்குலேருந்துதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா, அதைத் தூக்க அவருக்குக் கை வருமா டாக்டர்?"