டேப் ஒட்டிய பொத்தான்

தகடு வெட்டும் இயந்திரத்தைக் கழுவித் துடைத்துவிட்டார்கள். தரையில் ஈரம் இன்னும் காயவில்லை. நேற்று இங்கேதான் ஒருவர் இடது கை விரல்களை இழந்தார். மேலாளர் எல்லோரையும் சுற்றி நிற்கவைத்துப் பூசி மெழுகுகிறார். "நடக்கக் கூடாதது நடந்துபோச்சு. இனிமே எல்லாரும் கவனமா இருக்கணும்." மேலே டியூப்லைட் விட்டுவிட்டு எரிகிறது. இந்த இயந்திரத்தில் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்க வேண்டும். வேலை ஓட வேண்டுமே என்று, இடது பொத்தானை அமுக்கிய நிலையிலேயே டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நேற்றைய டேப் அப்படியே இருக்கிறது. எல்லோர் கண்ணும் அதன்மேல் பட்டு, சட்டென்று தரைக்கு இறங்குகிறது. விரல் போனவரின் மச்சான் மட்டும் வாய் திறக்கிறான். "எதுல கவனமா இருக்கணும் சார்?" மேலாளர் டேப்பைப் பார்க்கிறார்; பிறகு கடிகாரத்தைப் பார்க்கிறார். "எல்லாத்துலயும்தான்ப்பா. புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்" என்கிறது கூட்டம். அவனும்தான். மணி அடிக்கிறது. ஆளில்லாத அந்த இயந்திரத்துக்கு அவனையே போகச் சொல்கிறார்கள். ஈரத்தில் கால் வழுக்காமல் ஊன்றி நின்று, வலது பொத்தானில் கை வைக்கிறான். சும்மா இருக்கும் இடது கை, தகட்டைப் பிடிக்கக் கத்திக்குக் கீழே போகிறது.