ஆமோஸ் கட்டிய சுவர்

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. யார்க்‌ஷயரில் எங்கள் மேட்டு ஊருக்குக் கடிதம் கொண்டு வந்த டாபித்தா சொன்னது. அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்பவள். அதனால் ஒன்றை மட்டும் நானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆமோஸ் கல் சுவர் கட்டுகிறவன். ஹெஸ்டரைக் கட்டிக்கொள்வதாக இருந்தான். வடக்கே வேலைக்குப் போய் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பினால், அவள் பக்கத்துப் பண்ணை ஜோனாஸின் மனைவி.

ஆமோஸ் யாரிடமும் சத்தம் போடவில்லை. ஜோனாஸின் ஆடுகள் தண்ணீர் குடிக்கும் ஓடைக்கரையைக் குத்தகைக்கு எடுத்தான். குறுக்கே சுவர் எழுப்ப ஆரம்பித்தான்.

மதுக்கடையில் கேட்டார்கள்.

"ஏம்பா, ஆடு என்ன பாவம் பண்ணிச்சு?"

"ஆட்டோட எனக்கென்ன சண்டை? அவ வந்து, 'தண்ணி விடு ஆமோஸ்'னு ஒரு வார்த்தை கேக்கட்டும். அன்னிக்கே இடிச்சிடறேன்."

"அவளா? செத்தாலும் கேக்க மாட்டா."

"அப்ப ஆடு சாகட்டும்."

பதினாலு மாதம். சாந்து கிடையாது, கல்மேல் கல். இரண்டு விரல் நகங்கள் போயின. சுவர் மார்பளவு எழுந்தது.

அந்தக் கோடையில் மழையே இல்லை. குட்டைகள் வறண்டன. ஹெஸ்டர் வரவில்லை. ஆடுகளும் சாகவில்லை.

ஆகஸ்டில்தான் யாரோ எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தார்கள். பள்ளத்தில், புதர் மறைவில், சுவரின் அடியில் நுழைந்து ஆடுகள் ஒவ்வொன்றாக ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தன. கிட்டே போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சிரிக்க அது போதுமாக இருந்தது.

"ஆமோஸு, உன் கோட்டையில ஜோனாஸ் ஓட்டை போட்டுட்டானாமே. அடைக்கலியா?"

"அடைக்கணும். நல்ல கல்லாக் கிடைக்கட்டும்."

எங்கள் மேட்டில் கல்லுக்கா பஞ்சம்? இருபத்திரண்டு வருஷம் கிடைக்கவே இல்லை.

பிறகு ஹெஸ்டர் இறந்தாள். அடக்கத்துக்கு வீடு வீடாகப் போய் அழைப்பது எங்கள் வழக்கம். டாபித்தாவைக் கூட்டிக்கொண்டு ஜோனாஸே ஆமோஸின் கதவைத் தட்டினான்.

"நாளைக்கு எடுக்கறோம், ஆமோஸ்."

"கேள்விப்பட்டேன்."

"அந்த ஓட்டை... அவதான் ராவோட ராவாக் கல்லப் பிடுங்கியிருப்பானு நினைச்சேன். கிட்டப் போனா உனக்கு ரோஷம் வந்து அடைச்சிடுவியோனு அந்தப் பக்கமே போகல. போன வாரம்தான் அவகிட்ட கேட்டேன். நான்தான் பண்ணேன்னு அவ நினைச்சிட்டு இருந்திருக்கா."

ஆமோஸ் வாசல்படியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப யாருப்பா பண்ணது?"

"நரியா இருக்கும்" என்றான் ஆமோஸ். "பெட்டி தூக்க ஆள் இருக்கா?"

"அஞ்சு பேரு. ஒரு ஆள் குறையுது."

ஆமோஸ் உள்ளே போய் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டு ஒன்றை எடுத்துத் தூசி தட்டினான்.

போன ஞாயிறு நான் அந்தச் சுவரைப் போய்ப் பார்த்தேன். ஓட்டையின் இரண்டு ஓரமும் நூல் பிடித்தாற்போல் அடுக்கியிருக்கிறது. மேலே குறுக்காக ஒரே நீளக் கல், இரண்டு ஆள் கனம். கட்டி முடித்த சுவரில் அப்படி ஒரு கல்லைச் செருக முடியாது. சுவர் தொடையளவு இருக்கும்போதே, கட்டுகிறவன்தான் வைத்திருக்க வேண்டும்.